அத்தை மகன் போட்ட கர்னல்

மலேசியாவில் எங்கள் ஊரான பொந்தியானில் இணையம் கிடைக்கவில்லை என்றால் பழி முதலில் மழைக்குத்தான். அதில் நியாயமும் உண்டு. மத்தியானம் தாண்டினால் வானம் கறுக்கும். முதல் இடிக்கே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம்: அம்மா கொடித் துணியை எடுக்க, நான் மோடத்தின் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்க. மின்னல் கம்பி வழியே இறங்கி மோடம் கருகிய வீடுகள் எங்கள் தாமானிலேயே இருந்தன. மழை இல்லாத நாளில் பழி கம்பத்துக்குப் போகும். ஊரைச் சுற்றிச் சதுப்பு மண். பெக்கான் நானாஸ் அன்னாசிக்கு அந்த மண் பிடித்த அளவுக்குத் தொலைபேசிக் கம்பங்களுக்குப் பிடிக்கவில்லை. பல கம்பங்கள் சாய்ந்தபடியேதான் உத்தியோகம் பார்த்தன. கம்பமும் நிரபராதி என்று தெரிந்தால் எலி. எலியும் இல்லையென்றால், "இவன் ராத்திரி பூரா அதைப் போட்டு நோண்டுறான், அது எப்படி வேலை செய்யும்?" என்று நான்.

கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸின் உட்கருவான கர்னலைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. 2001-இல் எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவன், அதை மாற்றிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஸ்கூடாய்க்குப் போய்விட்ட என் அத்தை மகன்.

அவன் அங்கே கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டுக்குக் கைம்மாறாக எதையாவது சரிசெய்வான். சரியாக இருப்பதையும் சரிசெய்வான் என்பதுதான் தொல்லை. அந்த முறை கையில் ஒரு சிடியோடு வந்தான். சிங்கப்பூர் மாமா கொடுத்த யூஎஸ்பி பிரிண்டர் ஒன்று வீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. "பழைய 2.2 கர்னல்ல இது ஓடாது மச்சான். 2.4 வந்துருச்சு. யூஎஸ்பி எல்லாம் உள்ளயே இருக்கு" என்றான். பொய் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2.4.0-ஐ அந்த வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி வெளியிட்டார். வரும் வரும் என்று உலகமே காத்திருந்து, கடைசியில் வந்தது. பொந்தியானுக்கு அது மச்சான் மூலமாக வந்தது.

கர்னலைக் கட்டுவதற்குமுன் அது நூற்றுக்கணக்கான கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா, இந்த வன்பொருள் உண்டா, அந்த நெறிமுறை உண்டா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே விளக்கமும் இருக்கும். மச்சான் விளக்கம் படிக்கும் ஜாதி இல்லை. 'ஒய்' எழுத்தின்மேல் விரலை வைத்தவன், அம்மா காப்பி கொண்டுவந்தபோதுதான் எடுத்தான். பெட்டி ராத்திரி பூராவும் கட்டிக்கொண்டே இருந்தது. காலையில் புதுக் கர்னல் எழுந்து நின்றது. பிரிண்டரும் ஒரு பக்கம் அச்சடித்தது. பழைய கர்னலை, கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் லைலோ பட்டியலில் ஓர் ஓரமாக விட்டுவைக்கலாமே என்று கேட்டேன். "இனிமே அது எதுக்கு மச்சான்?" என்று சொல்லி அதைத் துடைத்துவிட்டான். விண்டோஸை அதற்கு முந்தைய வருகையிலேயே, இடம் போதவில்லை என்று துடைத்திருந்தான். பிறகு குளித்து, பசியாறி, மத்தியானம் மீன்குழம்போடு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினான்.

இணையத்துக்குப் போய்ப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரமில்லை.

தொலைபேசி வழியே இணையத்துக்குப் போன அந்தக் காலத்து மலேசியர்களுக்கு 1511 என்றால் ஜாரிங், 1515 என்றால் டிஎம்நெட். சொந்தக்காரர் வீட்டு எண் மறந்தாலும் இந்த எண்கள் மறக்காது. மோடத்துக்கு 'ஏடிடிடி 1515' என்று கட்டளை போகும். 1981-இல் ஹேய்ஸ் கம்பெனி ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்த பாஷை அது. உலகத்து மோடம்கள் எல்லாம் அதையே பேசின. முதலில் நீளமான டயல் ஒலி, அப்புறம் எண்கள் அழுத்தும் சத்தம், ஒரு கணம் அமைதி, எதிர்முனையின் கீச்சு, நம்முடையதின் பதில் கீச்சு, இரண்டும் சேர்ந்து சில விநாடி கரகரப்பு. கடைசியில் ஒலிபெருக்கி நின்று, 'சிடி' என்று எழுதிய சிறு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். 56கே என்று மோடத்தின் நெற்றியில் அச்சிட்டிருக்கும். அந்த வேகத்தை அந்த மோடத்தில் நேரில் கண்டவர் யாரையும் எனக்குத் தெரியாது.

இத்தனை சத்தமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தொலைபேசி அங்கேதான் இருந்தது. அதனால் இணையம் எங்கள் வீட்டில் குடும்ப விவகாரம். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் அந்தக் கரகரப்பு பாடம். சமையலறையில் தாளித்துக்கொண்டே, "இன்னிக்குச் சிக்காது, விட்டுரு" என்பார். சிக்காது. "இது நின்னு பேசும்" என்பார். அன்றைக்கு ஒரு மணி நேரம் அறுபடாமல் இருக்கும்.

புதுக் கர்னல் வந்த ஞாயிற்றுக்கிழமை இரவு டயல் செய்தேன். எல்லாச் சத்தமும் ஒழுங்காக வந்தது. சிடி விளக்கு எரிந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் போயின. அப்புறம் டயல் செய்யும் நிரலான கேபிபிபி திரையில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, பிபிபி நெறிமுறையில் இணைப்பை நடத்தும் பிபிபிடி எதிர்பாராத விதமாக இறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது. நான் அதை வாய்விட்டுத் தமிழில் படித்திருக்கக் கூடாது. "யாருப்பா?" என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

மறுபடி டயல். மறுபடி மரணம்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் எழுதிய கை சும்மா இருக்காது; தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். யார், எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று பதிவாகும். அந்த வாரத்து ஏடுகளில் மேலிருந்து கீழ்வரை 1515, 1515, 1515. பேசிய விஷயம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒவ்வொரு வரிக்கும் நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். ஒன்றுமில்லாததற்கும் தொலைபேசிக் கட்டணம் உண்டு. எதிர்முனை எடுத்துவிட்டதே.

அது நேரம் பார்த்து வந்த கோளாறு. ஆகஸ்டு மாதம் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு. நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் கணினித் தமிழ், எழுத்துருக் குறியீடு, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்று செய்தி. அப்பா காலையில் தாளை மடித்து வைத்துவிட்டு, "உலகத்தில இருக்கிற தமிழன் எல்லாம் இன்டர்நெட்ல பேசுறானாம். நம்ம வீட்டுல மட்டும் ஏன்டா அது வாயத் திறக்க மாட்டேங்குது?" என்று கேட்பார். மாநாட்டில் கூடியிருந்த அறிஞர்கள் யாரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது.

பதில் இருந்த ஆள் ஸ்கூடாயில் இருந்தான். நாற்பது சொச்சம் கிலோமீட்டர். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் கடல் தாண்டி சிங்கப்பூர் வசந்தம் சென்ட்ரலே எங்கள் கூடத்துக்கு வரும், மச்சான் வரமாட்டான். விடுதித் தொலைபேசியை யாரோ எடுப்பார்கள், "இருங்க கூப்பிடுறேன்" என்று மலாயில் சொல்வார்கள், அப்புறம் செருப்புச் சத்தம் தூரத்தில் போகும், திரும்பி வராது. அவனைத் தப்பாமல் பிடிக்கும் ஒரே வழி ஈமெயில். அதை அனுப்ப இணையம் வேண்டும்.

கடைசியில் அக்காவின் கைப்பேசி. அக்கா சும்மா தரமாட்டார். கிரெடிட் நான் போட வேண்டும். நோய் விவரத்தை 160 எழுத்துக்குள் அடக்கி அனுப்பினேன். மச்சானிடம் பதில் போட கிரெடிட் இல்லாததால் அது நண்பன் ஒருவனின் எண்ணிலிருந்து மறுநாள் வந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்து படிக்க, நான் தட்டச்சு செய்ய:

"மோட்புரோப்... அப்புறம் பிபிபி அண்டர்ஸ்கோர் அசின்க்."

"அண்டர்ஸ்கோர்னு எழுத்துல இருக்கா, கோடு போட்டிருக்கா?"

"எழுத்துல இருக்கு. நடுவுல சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு இருக்கு. அதையும் போடணுமா?"

சிரிக்கிற மூஞ்சியை விட்டுவிட்டு மீதியை அடித்தேன். திரையில் ஒரு பதிலும் இல்லை. லினக்ஸில் பதில் வராவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். இந்தப் பண்பாடு எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதது. டயல் செய்தேன். பிபிபிடி மறுபடியும் எதிர்பாராத விதமாக இறந்தது. இந்த முறை எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஆளை வரவழைத்தார். வந்தவர் நல்ல மனிதர். இடுப்பில் தொங்கிய சோதனைத் தொலைபேசியை எடுத்து வாசல் பெட்டிக்குள் இரண்டு கவ்விகளை மாட்டினார், காதில் வைத்துக் கேட்டார், யாருக்கோ டயல் செய்து இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினார். லைன் ஓகே. அம்மா கொடுத்த தே ஓவைக் குடித்துவிட்டு, உள்ளே வந்து மோடத்தையும் ஒருமுறை பார்த்தார். டயல் செய்து காட்டினேன். கரகரப்பு முழுக்கக் கேட்டது. பிறகு பிபிபிடி செத்தது. அவர் கையை விரித்தார்.

அம்மா கதவோரம் நின்று, "லைன்ல ஒண்ணும் இல்ல. அதுங்க ரெண்டும் நல்லாத்தானே பேசி முடிக்குது? பேசி முடிச்ச பெறகு நம்ம பொட்டிதான் மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார்.

அந்த வீட்டில் சொல்லப்பட்ட முதல் சரியான வார்த்தை அதுதான். டயல்-அப் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையே இது: எந்தக் கட்டம்வரை போயிற்று என்று பார். டயல் ஒலி இல்லையென்றால் கம்பி. ஒலி உண்டு, எதிர்முனை எடுக்கவில்லையென்றால் எண்ணோ எதிர்முனையோ. கீச்சிட்டுக் கீச்சிட்டு அறுந்தால் லைனில் இரைச்சல். கரகரப்பு முடிந்து விளக்கும் எரிந்துவிட்டால் தொலைபேசிக் கம்பெனி, மோடம், மழை, எலி எல்லோருக்கும் விடுதலை. அதற்குமேல் கோளாறு என்றால் பெரும்பாலும் நம் பெட்டிக்குள்தான். நான் கோப்புக் கோப்பாகத் தேடிக்கொண்டிருந்ததை அம்மா காதாலேயே தேடி முடித்திருந்தார். இன்றைய அகலக்கற்றைப் பெட்டியிடம் எந்த அம்மாவாலும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அது வாயே திறக்காமல் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டும், நாம் அணைத்துப் போடுவோம்.

இதற்குமேல் பொந்தியான் கெச்சில் கடைத்தெருவிலுள்ள சைபர் கஃபேயில்தான் வழி. வந்தான் மீ கடைக்கு மேல்மாடி. கீழிருந்து வறுத்த வெங்காய வாசனை, மேலே கவுன்டர்-ஸ்டிரைக் ஆடும் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு போட்ட கூச்சல். தௌக்கே என்னிடம் ஒரு மணி நேரக் காசை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, "கேம்?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பிழைச் செய்தியைக் கூகுளில் போட்டேன். உலகம் முழுவதும் அதே செய்தியால் அடிபட்டவர்கள். ஃபின்லாந்துக்காரர், பிரேசில்காரர், புனேக்காரர். எல்லோருக்கும் கிடைத்த பதிலும் ஒன்று: கர்னல் மூலநிரலோடு வரும் ஆவணங்களில் 'சேஞ்சஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைப் படியுங்கள்.

அந்தக் கோப்பு எங்கள் வீட்டு வன்தட்டில் மச்சான் வந்துபோன நாளிலிருந்தே இருந்தது. 2.4 கர்னலோடு பேச பிபிபிடி 2.4.0 வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எங்களிடம் இருந்தது 2.3.

நடந்தது இதுதான். பழைய கர்னலில் பிபிபியின் முக்கிய வேலையை ஒரே மாட்யூல் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் பால் மெக்கராஸ் அதை 2.4-க்காகப் பிரித்து எழுதினார். பிபிபி_ஜெனரிக் பொது வேலையைப் பார்க்கும். பிபிபி_அசின்க் மோடம் மாட்டிய கம்பியைப் பார்க்கும். சுருக்கி விரிக்கும் வேலைக்கு முன்புபோலவே தனி மாட்யூல்கள். பிரித்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் மோடத்துக்காகவே இருந்த பிபிபி இனி அகலக்கற்றைக் கம்பியிலும் ஓட வேண்டும், இரண்டு மூன்று இணைப்பை ஒன்றாகச் சேர்க்கவும் வேண்டும். எங்கள் பழைய பிபிபிடிக்கு இந்தப் பிரிவினை தெரியாது.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது தோட்டத்து ஆபீஸ்தான் கைகொடுத்தது. புதுத் துரை வருகிறார். வந்ததும், ஒரே பெரிய கிராணி பார்த்த வேலையை மூன்று கிராணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார், மேசைகளையும் மாற்றிப் போடுகிறார். பழைய பியூன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வழக்கமான மேசைக்குப் போகிறான். அங்கே நாற்காலிகூட இல்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "63-ல எங்க துரை இதேதான் பண்ணுனான். மூணு மாசம் யாருக்கும் சம்பளம் சரியா வரல. பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து வாங்கப் போறோம், அதுக்குத்தான் இந்த ஏற்பாடுன்னான்."

"இவங்களும் அதேதான் சொல்றாங்க அப்பா. அகலக்கற்றை வரப் போகுதாம்."

"நம்ம தாமானுக்கா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று நோட்டை மூடினார்.

பிபிபி 2.4.0-இன் மூலநிரல் ஒரு ஃபிளாப்பியில் அடங்கும். அடங்கியதைப் படிப்பது வேறு விஷயம். எங்கள் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரத்தில் ஃபிளாப்பிக்குப் பூஞ்சை பிடிக்கும். உலோகத் தகட்டை ஒதுக்கிப் பார்த்தால் பழுப்புத் தட்டின்மேல் வெள்ளைப் புள்ளிகள். கஃபேயில் நல்லபடியாக எழுதும், வீட்டுக்கு வந்தால் பாதியில் கடகடவென்று இழுத்துவிட்டு நிற்கும். பிறகு தௌக்கேயிடமே உறை பிரிக்காத புது ஃபிளாப்பியாக வாங்கி, இரண்டு படி எடுத்து, மழைக்குப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

கட்டி நிறுவினேன். 108, 0 என்ற எண்களோடு /டெவ்/பிபிபி என்ற சாதனக் கோப்பை உண்டாக்கினேன். எந்தக் கிராணி எந்த மேசையில் என்று மாட்யூல் பட்டியலில் நாலைந்து வரி எழுதினேன். டயல் செய்தேன். கரகரப்பு. விளக்கு. யாரும் சாகவில்லை. அம்மா சமையலறையிலிருந்து, "ஒட்டிக்கிச்சு" என்றார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தளம் ஒன்று. முகவரியைத் தட்டினேன். திறக்கவில்லை. வேறொரு தளம், உடனே திறந்தது. பத்திரிகை, மறுபடி இல்லை. ஒரு ஜோதிடத் தளம் பளிச்சென்று வந்தது, அக்கா சந்தோஷப்பட்டார். வங்கித் தளம் வரவில்லை. திறப்பது எது, திறக்காதது எது என்பதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. அம்மாவின் காதுக்கும் இது எட்டவில்லை; அவர் துறை கரகரப்போடு முடிந்துவிடுகிறது.

மறுபடி கஃபே. தௌக்கே இப்போது கேம் என்று கேட்பதை விட்டுவிட்டார். இந்தக் கோளாறுக்கு ஈசிஎன் என்று பெயர். இணையத்தில் நெரிசல் வந்தால் பொட்டலங்களைக் கீழே போட்டுத்தான் அதுவரை தெரிவித்தார்கள். போடாமலே, பொட்டலத்தின் தலைப்பில் ஒரு குறியிட்டுத் தெரிவிக்கலாமே என்று 1999-இல் வகுத்த ஏற்பாடு அது. நல்ல யோசனை. 2.4 கர்னலுக்கு அது தெரியும். ஆனால் உலகத்தின் பல தீயரண்கள் அதற்கு முன்பே கட்டியவை. அதுவரை காலியாகவே வந்த இடத்தில் ஒரு குறியைக் கண்டதும் ஏதோ விஷமம் என்று முடிவுகட்டி, பொட்டலத்தைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டன. தளத்தைக் கேட்டுத் தட்டும் முதல் தட்டே அங்கே போய்ச் சேராது. கர்னல் கேட்ட நூற்றுக்கணக்கான கேள்விகளில் இதுவும் ஒன்று. பழைய தீயரண்கள் மறுக்கும், எச்சரிக்கை என்று விளக்கத்திலேயே இருந்தது. மச்சானின் விரல் அப்போது 'ஒய்'மேல் இருந்தது.

மருந்து ஒரே எழுத்து. டிசிபி_ஈசிஎன் என்ற கோப்பில் பூஜ்யம் எழுத வேண்டும். எழுதினேன். பத்திரிகை திறந்தது. அப்பா மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் நம்ம பேப்பர்லயே வந்துருச்சே" என்றார்.

தீபாவளி அந்த வருஷம் நவம்பர் 14. மச்சான் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, முறுக்கும் நெய்யுருண்டையும் சாப்பிட்டு, எங்கள் நடப்பு எதுவும் தெரியாதவனாக இணையத்துக்குள் போய்ப் பார்த்து, "பாத்தீங்களா மச்சான், 2.4 எப்படி ஓடுது!" என்றான். அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவன் பைக்குள் கையை விட்டு ஒரு சிடியை எடுத்தான். 2.4.14.

அப்பா நோட்டிலிருந்து தலை நிமிராமல், "இந்தத் துரை எத்தனை நாளைக்குப்பா?" என்று கேட்டார்.

"அடுத்தது எந்த நேரமும் வரும் மாமா. அது இன்னும் நல்லா இருக்கும்."

அம்மா அந்தச் சிடியை வாங்கிப் பலகாரத் தட்டுக்கு அடியில் வைத்து, பண்டிகை முடிகிறவரை யாரும் கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மச்சான் முறுக்கைக் கடித்துக்கொண்டே பஸ் ஏறினான். தீபாவளி முடிந்து பத்து நாளாகுமுன் 2.4.15 வந்தது. கோப்பமைப்பை விடுவிக்கும்போது (அன்மவுன்ட்) அதையே சிதைத்துவிடும் பிழை அதில் இருந்தது. சில நாளிலேயே அவசர அவசரமாக 2.4.16-ஐ வெளியிட வேண்டியதாயிற்று. பஞ்சாங்கம் அந்த வருஷம் தீபாவளியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால், மச்சானின் பையில் இருந்திருக்கக்கூடியது அந்த 2.4.15.